கொம்பன் குட்டியின் தொப்புள்

அக்காவுக்குக் குழந்தை பிறந்து பத்தாம் நாள். பால் சுறா வாங்கி வரச் சொல்லி அம்மா என்னைத் தூத்துக்குடியின் திரேஸ்புரத்துக்கு அனுப்பினாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாப் புட்டு கொடுத்தால் பால் நன்றாக ஊறும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, சதையை உதிர்த்து, பூண்டை அள்ளிப் போட்டுக் கிளறும் அந்த வாசனை இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு பிரசவமும் கழிந்ததில்லை. "சின்னதாப் பார்த்து வாங்கு, பெரிய சுறா வேண்டாம்" என்று வாசல் வரை வந்து சொல்லிவிட்டுப் போனாள். பெரிய சுறாக்களின் சதையில் பாதரசம் சேர்ந்திருக்கும், பால் கொடுக்கிறவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது என்று நான் படித்தது ரொம்ப நாள் கழித்துத்தான். அம்மா அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை.

காலை ஏழு மணி இருக்கும். ஏலம் முடிந்து கூடைகள் பிரிந்துகொண்டிருந்தன. நாங்கள் வழக்கமாக வாங்கும் மீன்கார அக்காவின் கூடையில் ஆறேழு பால் சுறா கிடந்தது. அவற்றுக்கு நடுவே ஒன்றின் தலை மட்டும் வேறு மாதிரி இருந்தது. உடம்பு அதே சாம்பல் நிறம், அதே நீளம், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதல். தலை மட்டும் இரண்டு பக்கமும் நீண்டு, நீண்ட நுனிகளில் கண் இருந்தது.

"இதையும் சேர்த்துப் போடட்டுமா தம்பி? கொம்பன் குட்டி. ருசி எல்லாம் ஒண்ணுதான்."

கையில் எடுத்துப் பார்த்தேன். அந்தக் கொம்பு கெட்டியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. பெருவிரலால் லேசாக அழுத்தினால் நம் காதுமடல் மாதிரி பின்னால் வளைந்தது, விட்டால் திரும்பி வந்தது. தலையின் அடிப்பக்கம் முழுக்க ஊசியால் குத்தினாற்போல நுண்ணிய துளைகள், எண்ணவே முடியாத அளவுக்கு. புரட்டிப் போட்டேன். இரண்டு பக்கத் துடுப்புகளுக்கும் நடுவில், தொண்டைக்குச் சற்றுக் கீழே, நகத்தளவு நீளத்துக்கு ஒரு பிளவு. உள்ளே இளஞ்சிவப்பாக, இன்னும் மூடாமல் இருந்தது. யாரோ கத்தி போட்டுவிட்டார்கள் என்று நினைத்து அக்காவிடம் காட்டினேன்.

"அதுவா? தொப்புள்லா அது. சுறாக் குட்டிக்கும் தொப்புள் இருக்கும். இது பொறந்து நாலு நாள்கூட ஆகியிருக்காது."

வீட்டில் பத்து நாள் குழந்தை. அதன் தொப்புளில் காய்ந்த கொடி முந்தின நாள்தான் விழுந்திருந்தது. பால் சுறாவோடு அந்தக் குட்டியையும் வாங்கிக்கொண்டு வந்தேன். அம்மா அதையும் சமைத்துவிட்டாள். அதற்கு முன் அரைமணி நேரம் திண்ணையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொம்பன் சுறாக்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கத் தொடங்கியது அந்தத் திண்ணையில்தான்.

முதலில் அந்தத் தொப்புளைச் சொல்லிவிடுகிறேன். மீன் என்றால் முட்டையிடும் என்று பள்ளியில் படித்திருப்போம். சுறாக்களில் முட்டையிடுகிறவையும் உண்டு, முட்டையை வயிற்றுக்குள்ளேயே பொரித்துக் குட்டியாக வெளியே விடுகிறவையும் உண்டு. கொம்பன்கள் இந்த இரண்டிலும் சேராது. குட்டி முதலில் மஞ்சள் கருவை உண்டு வளரும். கரு தீர்ந்ததும் அந்தக் காலிப் பை வீணாவதில்லை. அது தாயின் கருப்பைச் சுவரோடு ஒட்டி நஞ்சுக்கொடியாக மாறிவிடுகிறது. பையையும் குட்டியையும் இணைத்த தண்டு தொப்புள்கொடியாகிறது. கொம்பன்களின் கொடியில் குஞ்சம் குஞ்சமாகச் சிறு இழைகளும் தொங்கும். ஒவ்வொரு குட்டிக்கும் கருப்பைக்குள் தனி அறை. பால் சுறாவும் இதே முறையில்தான் குட்டி போடுகிறது. வகைப்பாட்டில் இரண்டும் நெருங்கிய உறவு, ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

சில சுறாக்களுக்குத் தொப்புள்கொடி உண்டு என்று அரிஸ்டாட்டில் எழுதி வைத்திருக்கிறார். கொம்பனைப் பற்றி அல்ல, மத்தியதரைக் கடலின் ஒரு சிறிய வழவழப்பான சுறாவைப் பற்றி. இரண்டாயிரம் வருடம் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜெர்மனியில் யோஹானஸ் முல்லர் 1842ல் வெளியிட்ட ஆய்வில்தான் அவர் சொன்னது சரி என்று உறுதியானது. அரிஸ்டாட்டிலுக்கு அதை யார் காட்டியிருப்பார்கள் என்று யோசித்தால், எனக்குத் திரேஸ்புரத்து அக்காவைப் போன்ற ஒருவர்தான் கண்ணில் வருகிறார்.

சரி, தொப்புள் புரிந்தது. இவ்வளவு அகலத் தலையோடு ஒரு குட்டி தாயின் வயிற்றிலிருந்து எப்படி வெளியே வருகிறது? என் பெருவிரலுக்கு அது வளைந்து கொடுத்ததில்தான் விடை இருந்தது. பிறக்கும் வரை அந்தத் தலை மென்மையாகவே இருக்கிறது. கொம்பன்களிலேயே மிக அகலமான தலை கொண்ட வகையில், வயிற்றுக்குள் இருக்கும் குட்டியின் இரண்டு கொம்புகளும் உடம்போடு ஒட்டினாற்போலப் பின்னால் மடங்கியிருக்கும். வெளியே வந்த பிறகுதான் விரியும். இந்தக் குடும்பத்தின் சிறிய வகை ஒன்றின் கருக்களை வரிசையாக வைத்து புளோரிடா பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 2023ல் வெளியிட்டார்கள். முதலில் அது மற்றச் சுறாக்களின் கரு மாதிரியேதான் இருக்கிறது. பிறகு தலை பக்கவாட்டில் விரிகிறது. பிறப்பதற்கு முன் அந்த விரிந்த பகுதி பின்னோக்கி இழுபட்டு இறுதி வடிவம் பெறுகிறது. அந்தப் படங்களைப் பார்க்கும்போது மூச்சு நின்றுவிடும். கண் முன்னே ஒரு தலை பிசைந்து உருட்டப்படுவது போல இருக்கும்.

அப்படியொரு தலை எதற்காக? இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஒரே காரணம் என்று யாரும் சொல்வதில்லை, அதுதான் சரி என்று எனக்கும் படுகிறது.

அடிப்பக்கத்தில் பார்த்தேனே, அந்த ஊசித் துளைகளிலிருந்து தொடங்கலாம். 1678ல் இத்தாலிய மருத்துவர் ஸ்டெஃபானோ லொரன்சினி இவற்றை விவரித்து எழுதினார். அவர் பெயரே அவற்றுக்கு நிலைத்துவிட்டது. ஒவ்வொரு துளைக்குக் கீழும் கூழ் நிரம்பிய ஒரு குழாய், அதன் அடியில் உணர்வணுக்கள். எதற்கு என்று மட்டும் முந்நூறு வருடம் தெரியவில்லை. 1971ல் நெதர்லாந்தைச் சேர்ந்த கால்மைன் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். மணலுக்கு அடியில் ஒரு மீனைப் புதைத்து, அதன் வாசனையும் அசைவும் வெளியே வராதபடி மறைத்தார். சுறா நேராக அந்த இடத்துக்கு வந்து தோண்டியது. மீனை எடுத்துவிட்டு அதே அளவு மெல்லிய மின்சாரத்தை அங்கே ஓட விட்டார். அதையும் வந்து கடித்தது. உயிருள்ள எதன் உடம்பைச் சுற்றியும் கடல்நீரில் மெலிதாக மின்புலம் இருக்கும்; சுறா அதை உணர்கிறது.

நாம் சந்தையில் பார்க்கும் கொம்பன் வகையின் தலையில் இந்தத் துளைகள் சுமார் 3,000 இருக்கின்றன. ஹவாயில் கொம்பனையும் சாதாரணத் தலை கொண்ட ஒரு சுறாவையும் பக்கத்தில் பக்கத்தில் சோதித்தார்கள். கொம்பனின் உணர்வுதான் கூர்மையாக இருக்கும் என்று நாம் நினைப்போம். அப்படி இல்லை, இரண்டும் ஒரே அளவு கூர்மை. வித்தியாசம் அகலத்தில்தான். ஒரே முறை கடந்து போகும்போது கொம்பன் தடவிப் பார்க்கும் மணல் பரப்பு அதிகம். வாசலை ஈர்க்குமாறால் பெருக்குவதற்கும் அகலத் துடைப்பத்தால் பெருக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான். மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கையைத் தேடுகிற மீனுக்கு அது எவ்வளவு பெரிய லாபம்!

கண்ணை அவ்வளவு தள்ளி வைத்தால் முன்னால் இருப்பது தெரியாது என்று நெடுநாள் நம்பினார்கள். 2009ல் மின்முனைகளை வைத்து அளந்தபோது தலைகீழாக வந்தது. இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும் பரப்பு சாதாரணத் தலை கொண்ட சுறாக்களில் 10, 11 டிகிரி. கொம்பன்களில் சிறிய தலைக்காரனுக்கு 13, நம் சந்தைக் கொம்பனுக்கு 32, மிக அகலத் தலைக்காரனுக்கு 48 டிகிரி. தலை அகல அகல, தூரத்தை மதிப்பிடும் பார்வை கூடுகிறது. கண்கள் நேர்ப்பக்கமாக இல்லாமல் சற்று முன்னோக்கித் திரும்பியிருப்பதால் இது நடக்கிறது. தலைக்கு மேலும் கீழும் முழு வட்டமாகப் பார்க்கவும் முடியும். இதற்கெல்லாம் ஒரு விலை உண்டு. தலைக்கு நேர் முன்னே கொஞ்ச தூரம் அதற்குக் குருடு. அந்த இடத்தைத்தான் ஊசித் துளைகள் பார்த்துக்கொள்கின்றன போலும்.

தலையைக் கையாகவும் பயன்படுத்தும். பஹாமாஸில் ஒரு பெரிய கொம்பன் திருக்கையைத் தலையால் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, உடம்பைச் சுழற்றி அதன் சிறகைக் கடித்ததை நேரில் கண்டு 1990ல் எழுதியிருக்கிறார்கள். திருக்கையின் முள் குத்தினால் என்ன ஆகும் என்று கடற்கரை ஆட்களைக் கேட்டுப் பாருங்கள், இரவெல்லாம் தூங்க விடாத வலி அது. வட கரோலினாவில் பிடிபட்ட ஒரு பெரிய கொம்பனின் வாயிலும் தொண்டையிலும் ஐம்பதுக்கு மேற்பட்ட திருக்கை முட்கள் குத்திக் கிடந்ததாக 1907ல் எழுதியிருக்கிறார்கள்.

இனி பெயர்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஆங்கிலத்தில் இந்தத் தலையைச் சுத்தியல் என்கிறார்கள். 1810ல் ராஃபினெஸ்க் என்ற இயற்கையியலாளர் வைத்த ஸ்பிர்னா என்ற பேரினப் பெயருக்கும் கிரேக்கத்தில் சுத்தியல் என்றுதான் பொருள். ஆனால் பழைய கிரேக்கர்கள் இதை சைகீனா என்றார்கள். அதன் வேர்ச்சொல்லுக்கு நுகத்தடி என்று அர்த்தம். மாட்டின் கழுத்தில் வைக்கிற நுகத்தடி! அந்தப் பெயர் இன்றும் ஒரு வகையின் அறிவியல் பெயரில் இருக்கிறது. பெரிய கொம்பனுக்கு ருப்பெல் 1837ல் வைத்த பெயர் மொகர்ரான். செங்கடல் பக்கத்து அரபிச் சொல் அது. அரபியில் கர்ன் என்றால் கொம்பு. ஸ்பானியர்கள் கொர்னூதா என்கிறார்கள், கொம்புள்ளது. நம் ஆட்கள் கொம்பன் என்கிறார்கள். ஒரே தலையைப் பார்த்து ஒருவருக்குச் சுத்தியல், ஒருவருக்கு நுகம், மூன்று கரைக்காரர்களுக்குக் கொம்பு.

கொம்பன் என்று நாம் ஒரே சொல்லில் அழைப்பது ஒரே மீன் இல்லை. இது ஒரு குடும்பம். ஸ்பிர்னிடே என்பது குடும்பப் பெயர். அதில் இரண்டு பேரினங்கள். யூஸ்பிரா என்பதில் ஒரே ஒரு இனம், ஸ்பிர்னாவில் ஒன்பது. ஆகப் பத்து. எளிதாக இருக்கட்டும் என்று இங்கே நானே சில பெயர்களை வைத்துக்கொள்கிறேன். யூஸ்பிராவைச் சிறகுக் கொம்பன் என்கிறேன். பாரசீக வளைகுடா முதல் வட ஆஸ்திரேலியா வரை உள்ள கரையோரக் கடல்களின் மீன் இது. தலையின் அகலம் உடம்பு நீளத்தில் கிட்டத்தட்டப் பாதி. இறக்கை விரித்த ஒரு பறவையைக் கழுத்தில் ஒட்டவைத்தது போல் இருக்கும்.

ஸ்பிர்னாவில் பெரிய உருவங்கள் மூன்றை முன்விளிம்பை வைத்தே பிரித்துவிடலாம். எனக்கு இதைக் கற்றுக்கொள்ளப் பல மாதம் ஆனது, ஆனால் கற்றதும் சந்தையே வேறாகத் தெரிந்தது. தலையின் முன்விளிம்பு கிட்டத்தட்ட நேர்க்கோடாக, நடுவில் ஒரு பள்ளத்தோடு இருந்தால் பெரிய கொம்பன், மொகர்ரான். 6 மீட்டர் வரை வளரக்கூடியது, முதுகுத் துடுப்பு அரிவாள் மாதிரி உயர்ந்து நிற்கும். விளிம்பு வில்லாக வளைந்து, நடுவில் ஒரு பள்ளமும் இரண்டு பக்கமும் பள்ளங்களுமாக நெளிந்திருந்தால் நெளிகொம்பன், லூயினி. வில்லாக வளைந்து நடுப்பள்ளம் இல்லாமல் வழவழவென்று இருந்தால் வழுகொம்பன், சைகீனா. அன்றைக்குக் கூடையில் கிடந்தது நெளிகொம்பன். கைபேசியில் எடுத்த படத்தை ஒரு வருடம் கழித்துப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அதைக் கண்டுகொண்டேன்.

மற்றவை சிறியவை. அவற்றில் ஒன்றின் கதையில் நம் கரையும் வருகிறது. 1822ல் பிரெஞ்சு விலங்கியலாளர் வலன்சியன் ஒரு கொம்பனுக்கு டூடிஸ் என்று பெயர் வைத்தார். லத்தீனில் அதற்கும் சுத்தியல் என்றுதான் பொருள். அவர் கையில் இருந்த மீன்கள் வந்த இடங்கள் பிரான்சின் நீஸ், தென் அமெரிக்காவின் கயான், இன்னொன்று கோரமண்டல். கோரமண்டல் என்றால் நம் சோழமண்டலக் கரை. நூறு வருடத்துக்கு மேல் அந்தப் பெயரை எல்லோரும் பெரிய கொம்பனுக்கு வைத்துப் புழங்கினார்கள். 1950ல் என்ரிகோ டொர்டொனேசே என்ற இத்தாலியர் வலன்சியனின் மீன்களைத் தேடிப் பார்த்தபோது, அந்த விவரிப்பு தென் அமெரிக்கக் கரையின் ஒரு சிறிய கொம்பனைக் குறிப்பது என்று தெரியவந்தது. பெயர் உரியவனுக்குத் திரும்பிப் போனது. பெரிய கொம்பன் ருப்பெல் வைத்த மொகர்ரான் என்ற பெயருக்கு வந்தது. அந்தச் சிறியவன் இந்தியக் கடலிலேயே இல்லாதவன். ஆகவே நம் கரையிலிருந்து பாரிசுக்குப் போன அந்த மீன் கண்டிப்பாக வேறொரு வகை. இருநூறு வருடம் முன்பு சோழமண்டலத்தில் யாரோ ஒருவர் வலையில் ஏறி, உப்பிலோ சாராயத்திலோ ஊறிக் கடல் தாண்டிப் போய் இவ்வளவு குழப்பத்தில் ஒரு பங்கு வகித்த அந்தக் கொம்பனை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இப்படிப் பெயர்களைச் சீர்செய்ததில் பெரும் பங்கு அமெரிக்க மீனியலாளர் கார்ட்டர் கில்பர்ட்டுக்கு உண்டு. 1967ல் இந்தக் குடும்பத்தையே முழுதாக மறுபரிசீலனை செய்து எழுதினார். தென் கரோலினாவில் கிடைத்த ஒரு நெளிகொம்பனின் முதுகெலும்புகளை எண்ணியபோது வழக்கத்தைவிடப் பத்து குறைவாக இருந்தது. வெளியே பார்க்க எந்த வித்தியாசமும் இல்லை. அதை விதிவிலக்கு என்று குறித்து வைத்தார். பல வருடம் கழித்து தென் கரோலினா பல்கலைக்கழகத்தின் ஜோ குவாட்ரோ குழு டிஎன்ஏவைப் பார்த்தபோது அந்தக் கரையில் நெளிகொம்பன் என்ற பெயரில் இரண்டு இனம் கலந்து வாழ்வது தெரிந்தது. ஒன்றுக்கு வாலுக்கு முன்னால் 92 முதல் 99 முதுகெலும்பு, மற்றதற்கு 83 முதல் 91. புதிய இனத்துக்கு 2013ல் கில்பர்ட்டின் பெயரையே வைத்தார்கள். எண்ணி எழுதி வைத்த ஒரு மனிதருக்கு இதைவிட நல்ல மரியாதை இருக்க முடியாது. பத்தாவது இனமும் இப்படி ஒளிந்திருந்ததுதான். பெலிஸிலிருந்து பிரேசில் வரை வாழும் ஒரு சிறிய கொம்பனை 2024ல் தனி இனமாகப் பிரித்து, மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களில் ஒருவரான பால் ஆலனின் பெயரில் ஆலெனி என்று அழைத்தார்கள்.

வரிசை எப்படி வந்தது என்பதிலும் ஒரு திருப்பம் இருக்கிறது. முதலில் சாதாரணத் தலை, பிறகு கொஞ்சம் அகலம், பிறகு இன்னும் அகலம், கடைசியில் சிறகுக் கொம்பன் என்றுதான் யாரும் அடுக்குவோம். அப்படித்தான் அடுக்கியும் வைத்திருந்தார்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ மார்ட்டினும் அவரோடு சேர்ந்தவர்களும் மரபணுக்களை ஒப்பிட்டபோது, மிக அகலத் தலைக்காரனான சிறகுக் கொம்பன்தான் மற்ற எல்லோரையும்விட முதலில் பிரிந்தது என்று வந்தது. 2010ல் எட்டு இனங்களை வைத்துச் செய்த ஆய்வில் இன்னும் ஒன்று சொன்னார்கள். இவற்றின் மூதாதை பெரிய உடம்புக்காரன், சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன். உடம்பு சிறுத்தது பிற்பாடு, அதுவும் இரண்டு தனித்தனி தடவை. ஆக, தலை படிப்படியாக அகலவில்லை. அகலமாகத் தொடங்கி, சிலவற்றில் சுருங்கியிருக்கிறது.

சுருங்கியவற்றில் எனக்குப் பிரியமானது டிபுரோ. தலை வட்டமாக ஒரு மண்வெட்டி மாதிரி இருக்கும். அமெரிக்கக் கரையோரங்களில் கடற்புல் படுகைகளில் நண்டு தின்று வாழ்கிறது. நண்டோடு கடற்புல்லும் வயிற்றில் கிடக்கும், தெரியாமல் விழுங்கியது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சமந்தா லீ என்ற ஆய்வாளர் இவற்றுக்கு 90 சதவீதம் கடற்புல்லும் மீதி கணவாயுமாகக் கொடுத்து வளர்த்தார். சுறாக்கள் எடை கூடின. புல்லில் உள்ள சத்தில் பாதியளவு செரித்தும் விட்டன. 2018ல் அது வெளியானது. புல்லைச் செரிக்கும் சுறா! இதே வகையில் இன்னொரு அதிசயமும் நடந்தது. அமெரிக்காவின் ஒமாஹா மிருகக்காட்சி சாலையில் மூன்று பெண் சுறாக்கள் மட்டும் இருந்த தொட்டியில் 2001ல் ஒரு குட்டி பிறந்தது. ஆண் இனம் அவற்றின் பக்கத்தில் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. குட்டியின் டிஎன்ஏவில் தந்தையின் சுவடே இல்லை என்று 2007ல் உறுதி செய்தார்கள். பாவம், அந்தக் குட்டி பிறந்த கொஞ்ச நேரத்திலேயே அதே தொட்டியில் இருந்த திருக்கை குத்தி இறந்துவிட்டது.

பெரியவர்களுக்கு வருவோம். பெரிய கொம்பன் ஒருக்களித்துப் படுத்தபடி நீந்துகிறது. உடம்பில் கருவிகளைக் கட்டி விட்டுப் பார்த்தபோது 50 முதல் 75 டிகிரி வரை சாய்ந்து, நேரத்தின் பெரும் பகுதியை அப்படியே கழித்தது. மற்ற சுறாக்களுக்குப் பக்கத் துடுப்பு நீளம், இதற்கு முதுகுத் துடுப்பு நீளம். ஒருக்களித்தால் அந்த முதுகுத் துடுப்பே ஒரு இறக்கையாகிவிடுகிறது. மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்ததில், நேராக நீந்துவதைவிட இதில் பத்து சதவீதம் வரை சக்தி மிச்சம் என்று 2016ல் எழுதினார்கள்.

நெளிகொம்பன் இரவில் ஹவாய்க் கடலில் 800 மீட்டருக்கும் கீழே பாய்கிறது. மேலே வெதுவெதுப்பான நீர், கீழே 5 டிகிரி. மீனின் உடம்புச் சூடு செவுள் வழியாகத்தான் முக்கியமாக வெளியேறும். பாயும்போது இதன் உடம்பு குளிரவே இல்லை. திரும்பி ஏறி வரும் வழியில்தான் சட்டென்று கொஞ்சம் குளிர்கிறது. செவுளை மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் வருகிறது என்பதுதான் அதற்கு விளக்கம். 2023ல் இதைப் படித்தபோது எங்கள் ஊர்ச் சங்கு குளிக்கிறவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். கடலுக்குள்ளேயே பிறந்த ஒரு மீன், கடலுக்குள் போக மூச்சை அடக்குகிறது.

இப்படி ஒரு மீனுக்கு அதன் துடுப்பே எமனாகிவிட்டது. ஒருக்களித்து நீந்த உதவும் அந்த உயர்ந்த துடுப்பில் சூப்புக்கான நார் நிறைய இருப்பதால் கிழக்காசியச் சந்தையில் அதற்கு மேலான விலை. தலையோ வலையில் எளிதாகச் சிக்கிக்கொள்ளும், குட்டிக்கும்தான். சிக்கினால் வெகு சீக்கிரம் தளர்ந்துவிடும். உயிரோடு அவிழ்த்து விட்டாலும் பல பிழைப்பதில்லை. தாய் ஒரு ஈற்றில் முப்பது நாற்பது குட்டி வரை போட்டாலும், வயதுக்கு வரப் பல வருடம் ஆகும். பெரிய கொம்பனும் நெளிகொம்பனும் 2019 முதல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் மிக அருகிய நிலையில் இருக்கின்றன. அதற்கு மேல் போனால் இயற்கையில் அற்றுப்போனவை என்ற கட்டம்தான். பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் 2013ல் மூன்று பெரிய இனங்களும், 2022ல் பனாமா கூட்டத்தில் முழுக் குடும்பமும் வந்தன. 2015ல் இந்தியா சுறாத் துடுப்பு ஏற்றுமதியையே நிறுத்தியது.

இது நம் வலைக்காரர்களைக் குற்றம் சொல்கிற விஷயம் இல்லை. கொம்பனுக்கென்று யாரும் வலை போடுவதில்லை, மற்ற மீனுக்குப் போட்ட வலையில் அதுவும் வருகிறது. ஆனால் எல்லாமே "கொம்பன்" என்ற ஒரே கணக்கில் போனால், எது எவ்வளவு குறைந்தது என்று எப்படித் தெரியும்? கரோலினாவில் இரண்டு இனம் ஒரே பெயரில் பிடிபட்டுக்கொண்டிருந்தது போல, இங்கேயும் நெளிந்த தலையும் நேர்த் தலையும் சிறகுத் தலையும் ஒரே கூடையில் ஒரே பெயரில் விலை போய்விடும். அதனால்தான் தூத்துக்குடிக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன நோட்டு கொண்டு போகிறேன். தேதி, நீளம், முன்விளிம்பில் எத்தனை பள்ளம், தொப்புள் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா. ஆய்வாளர்களும் புதிதாகப் பிறந்த குட்டிகளை இந்தத் தழும்பை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்கள். எந்த மாதம் திறந்த தழும்போடு குட்டிகள் வருகின்றன என்று தெரிந்தால், எந்த மாதம் கரையோரத்தில் தாய்கள் குட்டி போடுகின்றன என்று தெரியும். என் நோட்டில் இதுவரை இருப்பது கொஞ்சம்தான்.

அக்கா மகனுக்கு இப்போது ஆறு வயது. போன வைகாசியில் அவனையும் கூட்டிக்கொண்டு திரேஸ்புரம் போனேன். அதே மீன்கார அக்கா. நான் நோட்டை எடுப்பதற்குள் கூடையிலிருந்து ஒரு கொம்பன் குட்டியைத் தூக்கி, தலையைத் தன் பக்கம் திருப்பி விளிம்பில் விரலை ஓட்டினார்.

"நெளிஞ்சிருக்கு. உங்க கணக்குல எழுதிக்கோங்க தம்பி" என்றவர், அதைப் புரட்டி வயிற்றை என் மருமகனுக்கு நேராகக் காட்டினார். "இது மூடிட்டு, பாருங்க. பொறந்து ஒரு மாசம் இருக்கும்லா."

அவன் சட்டையைத் தூக்கித் தன் தொப்புளைப் பார்த்துக்கொண்டான்.